எனக்கு எதிராக என் பந்தல்

நவம்பர் 9

இன்று மூன்று கல்யாணம், ஒரு காதுகுத்து, ஒரு துக்க வீடு. எம்.எல்.ஏ. என்றால் சட்டம் இயற்றுகிறவர் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். நாலரை வருஷமாக நான் இயற்றியது மொய்க் கவரும் மாலையும்தான்.

மூன்று கல்யாணத்தில் இரண்டுக்கு நம்ம கடை நாற்காலி. அட்சதை போட்டுவிட்டுத் திரும்பும்போதே கண் பின்வரிசைக்குப் போய்விடுகிறது. எது கால் உடைந்து கிடக்கிறது, எவன் செருப்போடு ஏறி நின்று போட்டோ எடுக்கிறான். மேடம், கேமரா உங்களைப் பார்க்கிறது என்று பி.ஏ. காதில் முணுமுணுக்கிறான். பார்க்கட்டுமே. நாற்காலி என்னுடையது.

உமா வாடகைக் கடை. பந்தல், நாற்காலி, பாத்திரம். நானும் என் வீட்டுக்காரர் தவசியும் ராமநாதபுரத்தில் பதினெட்டு வருஷமாக நடத்துகிற கடை. கட்சிக் கூட்டத்துக்குப் பந்தல் போட்டுப் போட்டுத்தான் நான் கட்சிக்காரி ஆனேன். போன தேர்தலில் கட்சிக்குள் இரண்டு கோஷ்டிக்கும் சீட்டுக்காக வேட்டி கிழிகிற சண்டை. கடைசியில், "பந்தக்காரி உமா இருக்குல்ல, சொன்னதக் கேக்கும்" என்று என் பேரைச் சொன்னது மாவட்டம். மாவட்டச் செயலாளரை மாவட்டம் என்றுதான் கூப்பிடுவோம். தர்மராஜ் என்ற அவர் பேரை அவர் வீட்டம்மாவே மறந்திருக்கும்.

சொன்னதைக் கேக்குமாம்! மாடு வாங்கப் போன இடத்தில் சொல்கிற மாதிரி.

நவம்பர் 13

சங்குமேட்டில் போஸ்டர். "காணவில்லை: எங்கள் எம்.எல்.ஏ. உமாமகேஸ்வரி." போட்டோவாவது நல்லதாகப் போட்டார்களா? கல்யாணமான புதுசில் எடுத்தது, எண்ணெய் வழிகிற மூஞ்சி. எங்கேதான் பிடித்தார்களோ.

எரிச்சல் போஸ்டர் மேல் இல்லை. அது உண்மை என்பதால் எரிச்சல்.

சங்குமேடு வாலிநோக்கத்துக்கு அங்கிட்டு, கடலோரம். உப்பளத்து வேலைக்குப் போகிற பெண்கள். குடிக்க மணல்மேட்டில் ஊற்று தோண்டி வைத்திருக்கிறார்கள். சிரட்டையால் அள்ளி அள்ளிக் குடம் நிறைக்க வேண்டும். கையகலத் தண்ணீர், ஆனாலும் இளநீர் மாதிரி இருந்தது. நானே குடித்திருக்கிறேன். மேட்டுக்குப் பின்னால் இறால் பண்ணை வந்தது. பண்ணை கழித்துவிடும் உப்புத் தண்ணீரை மோட்டார் வைத்து இந்தப் பக்கம் பள்ளத்தில் விடுகிறார்கள். ஊற்று கரித்துப்போனது. இப்போது வண்டித் தண்ணீரைக் குடம் குடமாக விலைக்கு வாங்குகிறார்கள்.

பண்ணை மருதுபாண்டியுடையது. மருதுபாண்டி மாவட்டத்தின் மச்சினன். கலெக்டரிடம் நான் கொடுத்த மனு எல்லாம் எங்கே போய் நிற்கிறது என்று எனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். மாவட்டத்திடம் நேரிலும் கேட்டேன். "தேர்தல் முடியட்டும்மா" என்கிறார். எந்தத் தேர்தல் என்று மட்டும் சொல்வதில்லை.

எனக்கு வருகிற தேர்தலில் மறுபடி சீட்டு வேண்டும். வேண்டும்தான். என் நோட்டில் எழுத எனக்கென்ன வெட்கம்? அந்தச் சட்டசபைக்குள் நுழையும்போது காவலர் சல்யூட் அடிக்கிறாரே, அது எனக்குப் பிடித்திருக்கிறது.

நவம்பர் 16

ஞாயிறு. கடையில் நான்தான் இருந்தேன். சங்குமேட்டிலிருந்து நாலு பெண்கள் வந்தார்கள். முன்னால் பூமயில், உப்பளத்துச் சங்கத்துக்குத் தலைவி. அறுபதைத் தொட்டிருக்கும், குரல் மட்டும் வாலிபம். உள்ளே வந்து என்னைப் பார்த்ததும் மற்ற மூன்று பேரும் பூமயில் முதுகுக்குப் பின்னால் போய்விட்டார்கள்.

"இருபதாந்தேதி ரோட்டோரம் ஒக்காரப் போறோம் தாயி. ஒனக்கு எதிராத்தான். பந்தல் கேட்டா எந்தக் கடையிலயும் இல்லைன்னுட்டாக. அதான் இங்கன வந்தோம்."

எல்லாக் கடைக்கும் மாவட்டம் போன் போட்டிருக்கிறார். என் கடையை விட்டுவிட்டார். எனக்கு எதிரான கூட்டத்துக்கு என்னிடமேவா வருவார்கள் என்று நினைத்திருப்பார்.

எங்கள் தொழிலில் யாருக்கு, எதற்கு என்று கேட்கிற வழக்கம் கிடையாது. எந்தத் தேதி, எந்த இடம், எத்தனை பேர். அவ்வளவுதான். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி, கோயில் கொடை, தர்கா கந்தூரி, மாதா தேர், எல்லாவற்றுக்கும் ஒரே துணிதான் விரிக்கிறோம். வெற்றிலை பாக்கு வைத்துக் கேட்டுவிட்டால் இல்லை என்று சொல்லக்கூடாது. பூமயில் வெற்றிலை பாக்கோடுதான் வந்திருந்தது.

எடுத்துக்கொண்டேன். தவசி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் துணி எண்ணப் போய்விட்டார்.

பந்தல் போகிற இடத்துக்கெல்லாம் மைக் செட் பாக்கர் அண்ணனுடையது. சாயங்காலம் வந்து தலையைச் சொறிந்தார். "உமா, உன்னயத் திட்டுறதுக்கு என் மைக்கா? சவுண்ட கூட்டி வைக்கவா, கொறச்சு வைக்கவா?"

நல்லா வைங்கண்ணே என்றேன். வாங்குகிற வாடகைக்குக் கேட்க வேண்டாமா?

நவம்பர் 18

மாவட்டம் போனில் காய்ச்சி எடுத்துவிட்டார். பந்தல் போகக் கூடாதாம். வெற்றிலை பாக்கு வாங்கிவிட்டேன் என்றேன். நீ எம்.எல்.ஏ.வா, பந்தக்காரியா என்று கேட்டார்.

ரெண்டும்தாண்ணே என்றேன். போனை வைத்துவிட்டார்.

நவம்பர் 20

உடம்பெல்லாம் வலி. ஆனாலும் இதை இன்றே எழுதிவிட வேண்டும்.

நான் சங்குமேட்டுக்குப் போவதாகவே இல்லை. கீழக்கரையில் ரேஷன் கடைத் திறப்பு. ரிப்பனைக் கையில் பிடித்திருக்கும்போது தவசி போன். வாடைக்காற்று பேயாய் அடிக்கிறது, கடல் பக்கத்துக் கயிறு இரண்டு அறுந்துவிட்டது, நம்ம ஆட்கள் நாலு பேர்தான், பந்தலுக்குக் கீழே ஊரே உட்கார்ந்திருக்கிறது, கைப்பிள்ளைகள் வேறு. எந்திரிங்க என்றால் எழுந்திருக்க மாட்டேன் என்கிறார்கள். பந்தலைப் பிரிக்கத் தந்திரம் பண்ணுகிறோம் என்று நினைக்கிறார்களாம்.

மூலைக்கம்பு சாய்ந்தால் இரும்புச் சட்டத்தோடு தலையில் விழும். டிரைவரை விரட்டினேன்.

கட்சிக்கொடி கட்டின கார் போய் நின்றதும் கூட்டம் எழுந்து ஒரே கூச்சல். நான் யார் மூஞ்சியையும் பார்க்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நேராகப் போய் மூலைக்கம்பைக் கட்டிப் பிடித்தேன். அந்தப் பக்கம் தவசி. பாக்கர் அண்ணன் மைக் செட்டை ஓடவிட்டுவிட்டு வந்து கயிற்றில் தொங்கினார். மணல்மூட்டை வந்து சேர்கிற வரைக்கும் அப்படியே நின்றோம்.

பூமயில் பேச்சை நிறுத்தவில்லை. "தாயி, கைய விட்டுறாத. ஆனா காதக் குடுத்துக் கேளு" என்று ஆரம்பித்தது. ஓட்டுக் கேட்டு வந்தபோது ஊற்றில் குனிந்து தண்ணீர் குடித்தேனே, அதிலிருந்து வரிசையாக. நடு ரோட்டில், மைக்கில், என் பந்தலில் நின்று, என்னை! கம்பை விட்டால் பந்தல் விழும், காதைப் பொத்தக் கை இல்லை. முழுக்கக் கேட்டேன். ஒரு வார்த்தை பொய்யில்லை, அதுதான் கடுப்பு.

நவம்பர் 21

போட்டோ ஊர் முழுக்க. நான் கம்பைக் கட்டிப்பிடித்து நிற்கிறேன், தலைக்கு மேலே "எம்.எல்.ஏ.வே பதில் சொல்" என்று பேனர். மகள் துர்கா மதுரை ஹாஸ்டலிலிருந்து போன் பண்ணிச் சிரித்துச் சிரித்து, கடைசியில் அழுதுவிட்டாள். ஏன் அழுகிறாய் என்றால் தெரியவில்லை என்கிறாள்.

நவம்பர் 25

மாவட்டம் கட்சி ஆபீசுக்குக் கூப்பிட்டார். பக்கத்து நாற்காலியில் மருதுபாண்டி. மேஜையில் டைப் அடித்த புகார். எனக்கு டீ எல்லாம் வந்தது.

"ஒரே ஒரு கையெழுத்தும்மா. பந்தல அவளுக சொல்லாமக் கொள்ளாம எடுத்துட்டுப் போனாளுக, கேக்கப் போன ஒன்னய மெரட்டி நிக்க வச்சாளுக. அம்புட்டுத்தான். மத்ததப் போலீஸ் பாத்துக்கிரும். ஒன் சீட்ட நான் பாத்துக்கிறேன்."

பூமயில் பேர் முதல் வரியிலேயே இருந்தது. கீழே இன்னும் பதினோரு பேர். உள்ளே தள்ளிவிட்டால் அந்த ஊரில் அப்புறம் யார் வாயைத் திறப்பார்கள்?

"பதினெட்டு வருசமா வாடகைக்கு விடுறேண்ணே. அண்டா கொறஞ்சு வந்தாக்கூட ஒருத்தரையும் திருடிட்டாகன்னு சொன்னதில்ல."

சீட்டு வேண்டாமா என்று மருதுபாண்டி சிரித்துக்கொண்டே கேட்டான். வேணும், இது வேணாம் என்றேன். டீயை மட்டும் குடித்துவிட்டு எழுந்தேன். நல்ல டீ.

வண்டியில் ஏறினதும் கதவை உள்பக்கம் பூட்டிக்கொண்டேன். பயந்துட்டியா உமா? ஆமா, பயந்துட்டேன். இப்ப அதுக்கு என்ன? பயந்துக்கிட்டே சொன்னாலும் சொன்னது சொன்னதுதான்.

டிசம்பர் 3

சென்னைத் தலைமையிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம். ஒரே வரியில் பதில் போட்டேன்: காற்று அடித்தது, பந்தலைப் பிடித்தேன்.

ஜனவரி 23

சபையில் பேச இரண்டு நிமிஷம் கிடைத்தது. தொகுதிக்குச் செய்த சாதனைக்கு நன்றி சொல்ல என்று கொறடா பேர் கொடுத்திருந்தார். நன்றி சொன்னேன், அரை நிமிஷம். மீதியில் சங்குமேட்டு ஊற்று.

இறால் பண்ணை என்ற வார்த்தை வந்ததும் மைக் அணைந்தது. அணைத்தால்? மைக் இல்லாவிட்டால் எனக்குப் பேச வராதா? கல்யாண வீட்டில் மேளத்துக்கு நடுவில் நின்று, நாற்காலியை இந்தப் பக்கம் போடுங்கடா என்று கத்தி வளர்ந்த தொண்டை இது. முழுசாகப் பேசி முடித்துத்தான் உட்கார்ந்தேன். அவைக்குறிப்பில் ஏறாது என்றார்கள். எதிர்வரிசையில் யாரோ மேஜையைத் தட்டினார்கள். என் வரிசையில் எல்லாரும் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

வெளியே வரும்போது காவலர் சல்யூட் அடித்தார். அவர் முகத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.

மார்ச் 17

வேட்பாளர் பட்டியல் வந்தது. என் தொகுதிக்கு மருதுபாண்டி.

மார்ச் 18

மருதுபாண்டி! ஊற்றில் உப்பை ஊற்றினவன் அந்த ஊருக்கே போய்க் கைகூப்பி நிற்பான், இவனுக்கு நான் மேடையில் நின்று கை உயர்த்த வேண்டும். முடியாது. தலைகீழாக நின்றாலும் முடியாது.

சுயேச்சையாக நிற்கலாமா என்று தவசியிடம் கேட்டேன். இவர் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல அரை நாள் எடுப்பார். இன்று உடனே சொன்னார். "கட்சி போச்சுன்னா கொடி வேணாம். பந்தலு, மைக்கு, நாற்காலி, எல்லாம் நம்மகிட்டயே கெடக்கு. ஒனக்கு வாய் வேற இருக்கு. வேற என்ன வேணும்?"

ஏப்ரல் 5

இன்று சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. தேர்தல் நேரத்தில் எனக்கு இது தேவைதான்.

மருதுபாண்டியின் பெரிய கூட்டத்துக்கு அவன் ஆள் யாரோ நம்ம கடையில் நாற்காலி சொல்லியிருக்கிறான். தவசியும் அனுப்பிவிட்டார். யாருக்கு, எதற்கு என்று கேட்கிற வழக்கம்தான் இல்லையே. நாற்காலி ஒவ்வொன்றின் முதுகிலும் சிவப்புப் பெயிண்டில் "உமா". தொலைந்துபோகாமல் இருக்க எல்லாக் கடையும் எழுதுகிறதுதான். கூட்டத்தைப் பின்னாலிருந்து எடுத்த போட்டோவில் ஆயிரம் உமா. நடுவில் மேடையில் மருதுபாண்டி, பொடிசாக.

உடனே புகார். சுயேச்சை வேட்பாளர் தன் பெயரை அனுமதியில்லாமல் விளம்பரம் செய்கிறாராம். பறக்கும் படை குடோனுக்கு வந்துவிட்டது. அந்த அதிகாரி பாவம், சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய் நின்றார். கடைசியில் எல்லா நாற்காலிக்கும் பேர் மேலே பேப்பர் ஒட்டச் சொன்னார்கள். ஒட்டினோம். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பிள்ளைகள் அதைப் பிய்ப்பதற்கென்றே உட்காருகின்றன.

மே 4

தோற்றேன். மூன்றாமிடம்.

மருதுபாண்டியும் தோற்றான். எதிர்க்கட்சியில் புதிதாய் வந்த ஒரு டாக்டர் ஜெயித்தார். சங்குமேடு மொத்தமும் எனக்குத்தான் போட்டிருக்கிறது. ஆனால் தொகுதி என்பது சங்குமேடு மட்டுமா?

ஒன்னாலதான் தோத்தோம் என்று மாவட்டம் போனில் கத்தினார். தெரிஞ்சா சரி என்று வைத்துவிட்டேன்.

அப்புறம் குடோனுக்குள் போய் மடித்து வைத்திருந்த துணி மேல் உட்கார்ந்து அழுதேன். நல்லா அழுதேன். எனக்கு அந்த நாற்காலி பிடித்திருந்தது, போய்விட்டது, அழாமல் என்ன செய்ய? அதற்காக அந்தக் கையெழுத்தைப் போட்டிருக்கலாம் என்று ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை. துடைத்துக்கொண்டு வந்து நாளைக் கல்யாணத்துக்குப் பாத்திரம் ஏற்றினேன்.

மே 29

பண்ணை ஓடுகிறது. மோட்டார் ஓடுகிறது. புது எம்.எல்.ஏ. பார்க்கிறேன் என்றாராம். மாவட்டத்துக்கு இப்போதும் கலெக்டர் ஆபீசில் நாற்காலி போடுகிறார்கள்.

பூமயில் வந்தது. கலெக்டர் ஆபீஸ் முன்னால் உட்காரப் போகிறார்களாம், என்றைக்கு உட்காரலாம் என்று கேட்டது. சுவரில் தொங்குகிற நாட்காட்டியைப் புரட்டி ஜூன் பத்து என்றேன். அன்றைக்கு என்ன விசேஷம் என்றது. அன்றைக்கு ஒன்றுமில்லை, மறுநாள் வைகாசியில் கடைசி முகூர்த்தம் என்று விளக்கினேன். போலீஸ் நம்மைப் பிடித்தால் ஒரு கல்யாண மண்டபத்தில்தான் அடைப்பார்கள், சாயங்காலம் விடுவார்கள், அதுதான் வழக்கம். ராமநாதபுரத்தில் அன்றைக்கு ஒரு மண்டபம் பாக்கியில்லை. எல்லாவற்றுக்கும் சாமான் நம்ம கடையிலிருந்துதான் போகிறது, எனக்குத் தெரியாதா? முதல் நாள் ராத்திரியே பொண்ணழைப்பு. எந்த மண்டபத்தில் அடைத்தாலும் பொழுது சாய்வதற்குள் காலி செய்து கொடுத்தாக வேண்டும்.

பூமயில் நாட்காட்டியைத் தானும் எட்டிப் பார்த்தது. "இத எம்.எல்.ஏ.வா இருக்கைல ஏந்தாயி சொல்லல" என்றது.

ஜூன் 10

பத்து மணிக்கு உட்கார்ந்தோம், பதினொன்றுக்குப் பிடித்தார்கள். நான் இன்று கம்பு பிடிக்கவில்லை. கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள மண்டபத்தில் கொண்டுபோய் அடைத்தார்கள். சாம்பார் சாதப் பொட்டலம் வந்தது.

நாலு மணிக்கெல்லாம் இன்ஸ்பெக்டர் அவசரமாக, எல்லாரும் விடுதலை, வீட்டுக்குப் போகலாம் என்றார். யாரும் அசையவில்லை. மோட்டாரை நிறுத்தி சீல் வைக்க எழுத்தில் உத்தரவு வந்தால்தான் எழுந்திருப்போம் என்று பூமயில் சொன்னது. அவர் என்னிடம் வந்தார்.

"மேடம், நீங்க எம்.எல்.ஏ.வா இருந்தவங்க. நீங்களே இப்படிப் பண்ணலாமா?"

"எம்.எல்.ஏ.வா இருக்கும்போது பண்ணிப் பாத்தேன் சார். ஒண்ணும் நடக்கல."

ஐந்து மணிக்கு நாற்காலி ஏற்றிய வண்டி வாசலில் வந்து நின்றது. தவசி. உள்ளே வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு, எந்திரிப்பியா மாட்டியா என்று கேட்டார். மாட்டேன் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு போய் எங்களைச் சுற்றி ஓரத்திலிருந்து நாற்காலி போட ஆரம்பித்துவிட்டார்.

கல்யாணப் பெண்ணின் அப்பாவைப் பார்த்ததும்தான் எனக்குச் சுருக்கென்றது. வாழைமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார், முகத்தில் ஈயாடவில்லை. எழுந்து அவரிடம் போனேன். அண்ணே, பொண்ணழைப்பு ஏழரைக்கு, அதுக்குள்ள மண்டபத்தைப் பெருக்கிக் கையில் கொடுப்பது என் பொறுப்பு, நீங்கள் கேட்க வேண்டிய ஆள் அவர் என்று இன்ஸ்பெக்டரைக் காட்டினேன். அப்புறம் பெண்ணின் அப்பா போட்ட சத்தத்தில் எங்கள் கோஷம் எல்லாம் ஒன்றுமே இல்லை. சமையல்காரர்கள், மாப்பிள்ளை வீட்டார், மண்டபத்து முதலாளி, எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். இன்ஸ்பெக்டர் போனில் யார் யாருக்கோ கெஞ்சிக்கொண்டிருந்தார்.

ஆறே முக்காலுக்குக் கோட்டாட்சியர் தாளோடு வந்தார். வாசித்துக் காட்டச் சொன்னேன். கழிவுத் தண்ணீர் மோட்டாரை இன்றே நிறுத்தி சீல் வைக்க உத்தரவு. கையெழுத்து, முத்திரை, தேதி எல்லாம் பார்த்துவிட்டு எழுந்தோம். சங்குமேட்டுப் பெண்கள் கிடுகிடுவென்று மண்டபத்தைப் பெருக்கி, மீதி நாற்காலியையும் அவர்களே போட்டுவிட்டார்கள்.

ஜூன் 11

விடிந்ததும் சங்குமேடு போனோம். மோட்டாரில் சீல் இருக்கிறது. மருதுபாண்டி கோர்ட்டுக்குப் போவானாம். போகட்டும், அங்கேயும் வருவோம்.

பூமயில் ஊற்றில் இறங்கி ஒரு சிரட்டைத் தண்ணீர் அள்ளிக் கொடுத்தது. குடித்தேன். வாய் கரித்தது. நேத்தைக்கு இது எவ்வளவோ தேவல தாயி என்கிறது பூமயில், அடித்துச் சொல்கிறது. ஒரு நாளில் எப்படி மாறும்? ரெண்டு மழையாவது பெய்ய வேண்டும்.

ஆமாக்கா, தேவலதான் என்றேன்.